ஒரே பாட்டு, நாலு கலியாணம்

காத்தான்குடிப் பிரதான வீதியில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்த ஜிப்ரி, தன்னைக் கவிஞன் என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. மற்றவர்கள் சொன்னார்கள். அவன் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தில் ஒரு கலியாணம் என்றால், மாப்பிள்ளையின் கூட்டாளிமார் சேர்ந்து வாழ்த்துப்பா ஒன்றை அச்சடித்து, கண்ணாடி போட்டு, தங்கநிறச் சட்டம் கட்டி, நிக்காஹ் சபையில் மைக்கைப் பிடித்து வாசித்துக் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் அவர்கள் என்ன கூட்டாளிமார்? சட்டமும் கண்ணாடியும் ஜிப்ரியிடம் இருந்தன. பிரிண்டரும் இருந்தது. பாட்டுக்கு மட்டும் ஊர்க் கவிஞர்களிடம் போக வேண்டும். கவிஞர்களுக்குப் பஞ்சமில்லை, வீதிக்கு இரண்டு பேர் இருந்தார்கள், அந்த இருவரும் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தார்கள். ஆனால் கேட்ட நாளில் பாட்டுக் கொடுப்பவர் எவருமில்லை. "கற்பனை வரட்டும்" என்பார்கள். கற்பனை வருவதற்குள் மாப்பிள்ளைக்குப் பிள்ளை பிறந்துவிடும்.

பொறுத்துப் பார்த்த ஜிப்ரி ஒருநாள் தானே உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்தில் படித்த ஏதோ ஒரு விருத்தத்தின் ஓசை காதில் மிச்சமிருந்தது. அதைத் தொடையில் தட்டித் தட்டி நாலு வரி எழுதினான்:

வாவியில் மீன்கள் பாட, வளர்பிறை வாழ்த்துச் சொல்ல,
மேவிய இன்பம் பொங்க, மேகமும் பன்னீர் தூவ,
பூவினை ஒத்த ……… புன்னகை பூத்து நிற்க,
ஆவியாய் வந்த ……… அன்புடன் வாழ்க, வாழ்க!

முதல் புள்ளிக் கோட்டில் பெண்ணின் பெயர். இரண்டாவதில் மாப்பிள்ளையின் பெயர். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது ஜிப்ரிக்குத் தன்மீதே ஒரு மரியாதை வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் வேறு பாட்டு எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்?

பெயர்கள்தான் சில நேரம் மக்கர் பண்ணும். அந்த இடத்தில் தாளம் இரண்டு தட்டுத்தான் கேட்கும். பெயர் நீண்டால் வரி நொண்டும். அப்போது ஜிப்ரி வரியை மாற்ற மாட்டான், பெயரைச் செதுக்குவான். சட்டம் போடுகிறவனுக்குப் படத்தின் ஓரத்தை வெட்டுவது புதிதா? அப்படித்தான் அஹமட் என்ற ஏறாவூர் மாப்பிள்ளை அஹ்மட் ஆனார். அவருடைய மனைவி றபீக்கா, றாபி ஆனாள். பொன்னெழுத்தில் அச்சானதைப் பார்த்த அஹமட், அன்றிலிருந்து மனைவியை றாபி என்றே கூப்பிட்டு வந்தார்.

பிடிபடாமலிருக்க ஜிப்ரி ஒரு கணக்கு வைத்திருந்தான். கூட்டாளிமார் ஏறாவூரா, ஓட்டமாவடியா, பாசிக்குடாவா என்று கேட்டுக்கொள்வான். ஓர் ஊருக்கு விற்றால், அந்த ஊர்ச் சனம் அதை மறக்கும்வரை அங்கே மறுபடி விற்க மாட்டான். அந்த மட்டுக்கு அவன் நேர்மையானவன். போதாக்குறைக்கு, வாசிப்பவர் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் உள்ளேயிருந்து பெண்கள் குரவையிடத் தொடங்கிவிடுவார்கள். நாக்கை மடித்து அவர்கள் எழுப்பும் அந்த ஒலியைக் கேட்டு நாகரிகம் பார்ப்பவர்கள் முகம் சுழித்தாலும், பெண்கள் விட்டபாடில்லை. குரவை ஓயும்போது "வாழ்க, வாழ்க" மட்டும்தான் மிஞ்சியிருக்கும். நடுவில் எந்த மீன் என்ன பாடியது என்று யாருக்குத் தெரியும்?

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வியாபாரத்தில், பக்கத்துச் சுவரிலிருந்து வினை வந்தது.

கடைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அந்த அறையை நிஸ்றா என்ற ஆசிரியை வாடகைக்கு எடுத்து, தமிழ் இலக்கிய நயத்துக்கு டியூஷன் வகுப்பு நடத்த வந்தாள். மெலிந்த உடம்பு, கையில் ஒரு மைக், அதிலிருந்து வரும் குரலோ பலகையைத் துளைக்கும். முதல் நாள் ஜிப்ரி எரிச்சலோடு கடையின் மின்விசிறியைக் கூட்டி வைத்தான். இரண்டாம் நாள் குறைத்து வைத்தான். அந்தக் கிழமை முடிவதற்குள் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடு உட்கார்ந்திருந்தான்.

"புள்ளைகள், கவிதை தாள்ல பொறக்கல்ல," என்றது சுவர். "வேலையில பொறந்தது. வேளாண்ம வெட்டக்குள்ள, தோணி தள்ளக்குள்ள, புள்ளய ஆட்டக்குள்ள வாயில வந்தது. எழுத்து வாறதுக்கு முதலே ஓசை வந்திட்டு. ஓசை என்னத்துக்கு? மறக்காம இரிக்க. தாளம் இரிக்கிறது மனசுல தங்கும்."

ஜிப்ரி கண்ணாடி வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"பொறகு அரசமார் வந்தாங்க. அவங்களப் புகழ்ந்து பாடினவங்களுக்குப் பொன்னும் யானையும் கிடைச்சது."

ஜிப்ரி நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்படியானால் தன் தொழில் பழைய தொழில்தான். யானை மட்டும்தான் இன்னும் வரவில்லை.

அசை சேர்ந்து சீராகும், சீர் சேர்ந்து அடியாகும் என்று அவள் விளக்கியபோது, துண்டுச் சட்டங்களை மூலை பொருத்தி ஆணி அடிக்கும் தன் கைகளை அவன் புதிதாகப் பார்த்தான். அடிகளின் இரண்டாம் எழுத்து ஒத்துப்போவது எதுகை என்று அவள் சொன்ன நாளில், வாவி, மேவி, பூவி, ஆவி என்று விரல் மடக்கிப் பார்த்து, "அட, எதுகையெல்லாம் போட்டிருக்கனே!" என்று தனியே சிரித்தான். அப்படிச் சிரித்தபோதுதான் அவனுக்கே விளங்கியது, தனக்கு எதுகையில் ஆசையில்லை, அதைச் சொல்லும் குரலில்தான் ஆசை என்று.

இனி ஒரே வழிதான். ஆனால் அந்த ஊர்களில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். ஆகவே தன்னைக் கேட்டு வரும்படி அவர்களுக்கு ஜிப்ரி செய்தி அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கு அவனுடைய உயிர்க் கூட்டாளி நிஸ்தார் இருந்தான். ஓட்டோ ஓட்டுபவன். நிஸ்றாவின் வாப்பா தினமும் சந்தைக்குப் போவது அவன் ஓட்டோவில்தான். இரண்டே பயணத்தில் நிஸ்தார் காரியத்தை முடித்துவிட்டு வந்தான்.

"வாப்பாவுக்கு ஒன்னப் புடிச்சிரிக்கிடா மச்சான். மகள்ட விருப்பத்தக் கேட்டுட்டுச் செல்றனெண்டார். நாலாவது மகள். மூத்த மூணு பேருக்கும் முடிஞ்சிட்டு. ஆத்தங்கரையில ஒரே வளவுக்குள்ள வரிசையா நாலு வீடு கட்டி வெச்சிரிக்கார்."

"மூத்த மாப்பிள்ளைமார் எந்தூர்?" என்று ஜிப்ரி சும்மாதான் கேட்டான்.

"பெரியவர் ஏறாவூர், அஹமட். ரெண்டாவது ஓட்டமாவடி மின்ஹாஜ். மூணாவது ஷிஹான், பாசிக்குடா ஹோட்டல்ல வேலை."

ஜிப்ரியின் கையிலிருந்த சுத்தியல் தானாகக் கீழே இறங்கியது. மூன்று பெயரும் அவன் அச்சடித்த பெயர்.

கணக்கில் எங்கே பிழை என்று அப்போதுதான் தெரிந்தது. மாப்பிள்ளைமார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்தானே தவிர, எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று அவன் பார்க்கவில்லை. அங்கே பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவான். மாப்பிள்ளையோடு சட்டமும் வரும். மூன்று ஊருக்கு விற்ற மூன்று பாட்டும் ஒரே வளவுக்குள் போய், பக்கத்துப் பக்கத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் மறக்கக் கூடாத ஒரே விஷயத்தை ஜிப்ரி மறந்திருந்தான். அதுவும் இலக்கிய நயம் படிப்பிக்கும் ஒருத்தியின் வளவில்.

அவள் கவனித்திருக்க மாட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். அந்தத் தேறுதல் மறுநாள் பின்னேரம்வரை இருந்தது.

"இண்டைக்கு ஒரு வேடிக்கை காட்டப் போறன்," என்றது சுவர். "எங்கட வளவுல மூணு வீட்டுச் சுவர்லயும் தொங்கின சட்டங்கள். ஒவ்வொண்டா வாசிங்க பாப்பம்."

ஒரு பெடியன் வாசித்தான். ஒரு பெட்டை வாசித்தாள். மூன்றாவது ஆள் தொடங்குவதற்குள் வகுப்பே சிரிப்பில் குலுங்கியது. "ஆவியாய் வந்த மாப்பிள்ளையெண்டா பேயா டீச்சர்?" என்று யாரோ ஒருவன் கேட்டான். பலகைக்கு இந்தப் பக்கம் ஜிப்ரி காதைப் பொத்திக்கொண்டான். பிறகு எடுத்தான். அவள் குரலாயிற்றே.

"சிரிக்காம கேளுங்க. இதுல ஓசை இரிக்கி. எதுகை இரிக்கி, மோனை இரிக்கி. அளவுல ஒரு குறை செல்லேலா. ஆனா ஆள் இல்ல. ரெண்டு ஓட்டைதான் இரிக்கி, ஆர்ர பேரப் போட்டாலும் போகும். அச்சு வந்த பொறகு வரிய ஒடச்சி, அளவ ஒடச்சி எழுதினாங்கெண்டு போன கிழமை படிச்சமே, அப்ப எல்லாத்தயும் ஒடச்சா என்ன மிச்சமெண்டு ஒராள் கேட்டார். மிச்சம் இதுதான். எழுதினவர் ஒண்டைப் பார்த்திரிக்கணும். இதை எழுதினவர் ஒண்டையும் பார்க்கல்ல."

ஜிப்ரிக்குக் கெட்டிக்காரத்தனம் பிடிபட்ட வெட்கம் பாதி. மீதி, அவள் சொன்னது சரி என்ற வலி. ஆனாலும் வியாபாரியின் மூளை சும்மா இருக்கவில்லை. சட்டங்களின் பின்புறத்தில் கடைப் பெயர் ஒட்டியிருக்கும். அவள் இன்னும் திருப்பிப் பார்த்திருக்காவிட்டால்? அவளுக்கு முன்பாக வளவுக்குப் போய்விட்டால், சட்டங்கள் வீடு திரும்பிய கையோடு மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். மூன்று புதுச் சட்டங்களை எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தான்.

வளவு வாசலில் மூத்தவள் றபீக்கா கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, கடையால வந்திரிக்கன். பழைய சட்டத்துல பூச்சி விழுதாம். எங்கட ஆக்களுக்கெல்லாம் சும்மா மாத்திக் குடுக்கம்."

"சும்மாவா?" றபீக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "கலியாணம் பேசுற நேரத்துல மாப்பிள்ள சும்மா குடுக்க வாறார். நல்லம்தான். ஆனா சட்டம் இஞ்ச இல்லயே. தங்கச்சி மூணையும் கழட்டிக்கிட்டுப் போயிட்டாள். அந்தா வாறாள்."

நிஸ்தாரின் ஓட்டோ வந்து நின்றது. நிஸ்றா இறங்கினாள். கையில் மூன்று சட்டங்கள், மூன்றும் பின்புறம் வெளியே தெரிய. ஒவ்வொன்றிலும் ஜிப்ரியின் கடைப் பெயர் பளிச்சென்றிருந்தது. நிஸ்தார், கூட்டாளிக்கு நல்ல காலம் வந்துவிட்டதென்று கண்ணடித்துவிட்டு ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு போனான்.

"ராத்தா, நீங்க இஞ்சயே நில்லுங்க," என்றாள் நிஸ்றா அக்காவிடம். பிறகு ஜிப்ரியிடம் திரும்பினாள். "வாவியில மீன் பாடினத நீங்க கேட்டிரிக்கிங்களா?"

"இல்ல டீச்சர்."

"மேகம் பன்னீர் தூவினதா? எங்கட ராத்தாட கலியாணத்துல பேய் மழை. பந்தல் சரிஞ்சி சோத்துச் சட்டிக்குள்ள விழுந்தது."

"நாலு சட்டி," என்று றபீக்கா பெருமூச்சோடு ஒத்துக்கொண்டாள். "அது போகட்டும் மகன், என்னய என்னத்துக்கு றாபியாக்கினீங்க?"

ஜிப்ரி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை; அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சுவருக்குள்ளால எல்லாம் கேட்ட நான் டீச்சர்," என்றான் கடைசியில். "நீங்க செல்றது சரி. நான் ஒண்டையும் பார்க்கல்ல."

நிஸ்றாவுக்குச் சிரிப்பு வாய்வரை வந்து நின்றது, வெளியே வரவில்லை.

"வாப்பா என்ட விருப்பத்தக் கேட்டிரிக்கார். நான் ரெண்டு விஷயம் செல்றன். கலியாணத்தண்டைக்கு நீங்க பார்த்து எழுதின பாட்டு ஒண்டு எனக்கு வேணும். மற்றது, அந்த மீன் பாட்டு நாலாவது தரமும் இந்த வளவுல என்ட காதுல விழுந்தா, சம்மதம் கேட்டு வாற ஆக்களுக்கிட்ட நான் இல்லையெண்டு செல்லிருவன். விளங்கிட்டா?"

"விளங்கிட்டு."

வீட்டுக்குள் போகப் படியேறியவள் திரும்பிப் பார்க்காமலே இன்னொன்றும் சொன்னாள். "நிஸ்றா, ஜிப்ரி. ரெண்டு பேரும் ஒரு வெட்டும் இல்லாம அந்தப் பாட்டுக்கு அச்சொட்டாப் பொருந்துது. வகுப்புல அளந்து பார்த்த நான்."

தன் பெயரையும் அவன் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் அளந்து பார்த்திருக்கிறாள்! சைக்கிளை மறந்து ஜிப்ரி நடந்தே கடைக்கு வந்தான்.

கலியாணத்துக்கு நாள் குறித்தார்கள். ஜிப்ரி தாளும் பேனையும் எடுத்தான். "வாவியில்" என்று எழுதி வெட்டினான். "வானத்தில்" என்று எழுதி வெட்டினான். அவன் பேனை எங்கே தொடங்கினாலும் நாலாவது வரியில் வாழ்க வாழ்க என்று போய் நின்றது. சரி, இந்த வாவியில் மீன் பாடும் என்று ஊரே சொல்கிறதே, அதையாவது கேட்டுவிடுவோம் என்று ஆத்தங்கரைக்குப் போய், ஒரு தோணியில் ஏறி, துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி அதன் மறுநுனியில் காதை வைத்தான். அப்படித்தான் கேட்க வேண்டுமாம். ஆரையம்பதிப் பக்கம் போன ஒரு இயந்திரத் தோணியின் டொக்கு டொக்குத்தான் கேட்டது. வலை இழுத்துக்கொண்டிருந்தவர், "என்ன தம்பி, காதுக்குள்ள தண்ணி போயிட்டா?" என்று அன்போடு விசாரித்தார்.

சட்டப் பலகை கொண்டுவரும் வோல்ட்டரிடம் புலம்பினான். வோல்ட்டர் போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர். தச்சு வேலையும் வயலினும் அவருக்கு ஒரே கைதான்.

"எங்கட ஆக்கள்ட கலியாணத்துல ரெண்டு பேர் எதிரெதிர நிண்டு பாட்டால சண்ட புடிப்பாங்க," என்றார் வோல்ட்டர். "ஒராள் நாலு வரி எறிஞ்சா மற்றாள் உடன நாலு வரி திருப்பி எறியணும். நீ ஆரப் பார்த்து எறியிறாய்?"

"கலியாணத்தப் பார்த்து."

"கலியாணத்துக்கு மூஞ்சி இரிக்கா? அது எப்பிடித் திருப்பி எறியும்?" என்று சிரித்துவிட்டு, பலகையை இறக்கிப் போட்டுவிட்டுப் போனார்.

சுவரும் விடவில்லை. அவன் கேட்கிறான் என்று தெரிந்தே நிஸ்றா வகுப்பு நடத்தினாள். "கவிதை வராட்டி என்ன செய்யணும் புள்ளைகள்? வாயப் பொத்திட்டுக் காதக் குடுக்கணும்." ஜிப்ரி காதைக் கொடுத்தான். கொடுத்த வேகத்தில் கையிலிருந்த கண்ணாடி கோணலாக வெட்டுப்பட்டு, சடாரென்று உடைந்தது. சத்தம் கேட்டு அந்தப் பக்கம் குரல் ஒரு கணம் நின்றது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. உடைந்த கண்ணாடியின் நடுவில் ஜிப்ரி அசையாமல் நின்றான். அவள் வந்த நாளிலிருந்து எத்தனை கண்ணாடி இப்படிப் போய்விட்டது! சட்டத்தின் பின்னால் வைக்கும் அட்டையில் ஒரு துண்டைக் கிழித்து எழுதினான். தொடையில் தட்டிப் பார்க்கவில்லை.

கலியாண நாள் வந்தது. வாழ்த்துப்பா ஒன்றும் வேண்டாம் என்று கூட்டாளிமாரிடம் ஜிப்ரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அட்டைத் துண்டு சட்டைப் பையில் இருந்தது. ஆத்தங்கரை வளவில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கியைப் பெண்கள் இருக்கும் வீட்டு ஜன்னலுக்கு நேரே கட்டியிருந்தார்கள். எல்லாரும் வந்துவிட்டார்கள், கலியாணப் பதிவுகாரர் மட்டும் வரவில்லை. அவர் வந்த பிறகுதான் வாப்பாவும் சாட்சிகளும் உள்ளே போய்ப் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். சபை கொட்டாவி விட்டது.

அப்போது நிஸ்தார் எழுந்தான். கையில் தங்கநிறச் சட்டம். பட்டணத்தில் வேறு கடையில் கட்டியது. மைக்கைப் பிடித்தபோது அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஜிப்ரி எல்லார்ர கலியாணத்துக்கும் எழுதினான். அவன்ட கலியாணத்துக்கு எழுத ஆளில்ல. எனக்கு எழுதத் தெரியா. ஆனா எனக்கெண்டே அவன் எழுதித் தந்த பாட்டு எனக்குப் பாடம். ஒவ்வொரு நாளும் படிக்கிற நான். பேர மட்டும் மாத்தி, அத அவனுக்கே திருப்பித் தாறன்."

நிஸ்தாரின் சுவரிலும் அந்த மீன்தான் பாடிக்கொண்டிருக்கிறது என்பதை ஜிப்ரி சுத்தமாக மறந்திருந்தான். எழுந்து ஓடிப் போய் மைக்கைப் பிடுங்கலாம் என்றால், இரண்டு பக்கமும் அஹமட்டும் மின்ஹாஜும் தோளைப் பிடித்து இருத்தினார்கள். "மாப்பிள்ள வெக்கப்படுறார்" என்று சபை சிரித்தது. நிஸ்தாரின் கலங்கிய கண்ணைப் பார்த்தபோது ஜிப்ரிக்கு அழுகையும் வந்தது. அந்தப் பாட்டை உண்மையென்று நம்பிய ஒரே மனிதன் அவன்தான். அவனே தன் கலியாணத்தை உடைக்கப் போகிறான்.

"வாவியில்..." என்று நிஸ்தார் தொடங்கினான்.

உள்ளேயிருந்து ஒரு குரவை கிளம்பியது.

தனிக் குரல். மெல்லிய உடம்புக்காரியின், பலகையைத் துளைக்கும் குரல். ஜிப்ரிக்கு அது யாரென்று ஒரு கணத்தில் தெரிந்தது. சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அந்தக் குரலை அவனளவுக்குக் கேட்டவர் யார்? தன் கலியாணத்துக்குப் பெண் தானே குரவையிடுவதை அந்த ஊரில் எவரும் கேட்டதில்லை. ஒரு நொடி திகைத்த றபீக்காவும் அதோடு சேர்ந்தாள். இரண்டாவது அக்கா சேர்ந்தாள், மூன்றாவது அக்கா சேர்ந்தாள், பிறகு உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்தார்கள். நிஸ்தார் குரலை உயர்த்தினான், குரவையும் உயர்ந்தது. ஒலிபெருக்கி கூவிக் களைத்து இரைச்சலானது. கோழிகள் வேலி தாண்டி ஓடின.

"என்ன செல்றான்?" என்று ஒரு கிழவர் பக்கத்தவரிடம் கத்திக் கேட்டார்.

"நல்லாத்தான் செல்றான்," என்று அவரும் கத்தினார்.

நிஸ்தார் கடைசி வரியையும் முடித்து, வெற்றியோடு சட்டத்தை ஜிப்ரியின் மடியில் வைத்த பிறகுதான் குரவை ஓய்ந்தது. அந்தப் பாட்டு பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாக அதில் ஒரு பெயரும் செதுக்கப்படாமல், ஒரு வரியும் நொண்டாமல் நின்றது. அன்றைக்குத்தான் அதை ஒருவரும் கேட்கவில்லை.

பதிவுகாரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வாப்பாவும் சாட்சிகளும் உள்ளே போனார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை ஜிப்ரி மடியிலிருந்த சட்டத்தை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். காதில் விழாவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வாளா? அல்லது குரவையே அவளுடைய கோபமா?

வாப்பா குழப்பமான முகத்தோடு வெளியே வந்தார். "மகள் ஓமெண்டுட்டாள். தொண்டை கட்டிப் போயிட்டு, பேச்சு வரல்ல. தலையத்தான் நல்லா ஆட்டினாள்."

சாப்பாடெல்லாம் முடிந்து, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிந்தி, நாலாவது வீட்டு அறையில் இருவரையும் விட்டுவிட்டு எல்லாரும் போனார்கள். மேசையில் தங்கநிறச் சட்டம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அது ஏன் கவிழ்ந்திருக்கிறது என்று ஜிப்ரி கேட்கவில்லை.

"என்ட காதுல ஒண்டும் விழல்ல," என்றாள் நிஸ்றா, காற்றாக வந்த குரலில். "எங்க என்ட பாட்டு?"

ஜிப்ரி அட்டைத் துண்டை எடுத்துக் கொடுத்தான். அவள் ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நீ எதுகை சொன்னாய்.
இந்தப் பக்கம் என் கையில் கண்ணாடி உடைந்தது.
பொறுக்கக் குனியவில்லை நான்.
அடுத்த வரியை நீ சொல்லட்டும் என்று நின்றேன்.

அவள் ஒரு தரம் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். ஆத்தங்கரையில் யாரோ தோணியைக் கரைக்கு இழுக்கும் சத்தம் கேட்டது. ஜிப்ரி பரீட்சை எழுதிய பெடியன்போல் விரலைச் சொடுக்கிக்கொண்டு நின்றான்.

"எதுகை இல்ல," என்றாள் அவள் கரகரத்த குரலில். "மோனை இல்ல. அளவும் இல்ல."

"இல்லதான்."

"என்ட பேரும் இல்ல."

"போட்டுப் பார்த்த நான். போட இடமிருக்கல்ல."

நிஸ்றா அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். வகுப்பில் மைக்கில் பேசும் அந்தப் பெண்ணைக் காணவில்லை; கண்ணோரம் ஈரமாக வேறு ஒருத்தி நின்றாள்.

"ஆனா இதுல வேற ஆர்ர பேரையும் போடேலா," என்றாள்.

ஜிப்ரி அதை யோசித்துப் பார்த்தான். இத்தனை வருட வியாபாரம் அவன் வாயை முந்திக்கொண்டது. "அப்ப இத விக்கேலாது," என்றான்.

நிஸ்றா சிரித்தாள். கட்டிப்போன தொண்டை திறந்துகொள்ள, சுவர் கிடுகிடுக்கச் சிரித்தாள். அடுத்த வீட்டு ஜன்னலில் காதை வைத்துக் காத்திருந்த றபீக்கா, அந்தச் சிரிப்பைத் தனக்குத் தோன்றியபடி விளங்கிக்கொண்டு, தங்கச்சிமாருக்குக் கையைக் காட்டிக் குரவையைத் தொடங்கினாள்.